விழுந்த பைக்: பெண்டு (வளைவு) சேசிஸிலா, ஃபோர்க்கிலா?

கோவை, பட்டறை:
கையை விட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்குதுன்னதும் சேசிஸ் (வண்டியோட இரும்புச் சட்டம்) மேல பழி போடாதீங்க. நேரா மோதின வண்டியில பெரும்பாலும் முதல்ல வளையறது முன் வீலைத் தாங்குற ஃபோர்க் பைப், அடுத்து அந்த ரெண்டு பைப்பையும் ஹேண்டில் பக்கம் சேர்த்துப் பிடிக்கிற டி-ஸ்டெம். பைப்பைக் கழற்றி வி-பிளாக்ல (V வடிவத் தாங்கி) வச்சு, வளைவை அளக்கற டயல் கேஜ் போட்டு உருட்டிப் பாருங்க. பல மேனுவல்ல 0.2 மி.மீ. தான் எல்லை. தாண்டினா புது பைப்தான். பெண்டு எடுத்து நிமிர்த்தின பைப்ல குரோம் விரிசல் விட்டிருந்தா ஆயில் சீலைக் கிழிச்சுடும்.

ஃபோர்க் சரின்னா, ரெண்டு வீலும் ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு பார்க்க நூல் பிடிங்க. அதுக்கு முன்னாடி ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்குற கை) போல்ட்டிலிருந்து பின் ஆக்ஸில் வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே அளவான்னு பாருங்க. செயின் அட்ஜஸ்டர் கோணலா இருந்தாலே நூல் பொய் சொல்லும். பின் டயரைச் சுத்தி நூலை ரெண்டு பக்கமும் முன்னால இழுங்க. ஸ்ப்ளெண்டர் பிளஸ்ல ரெண்டு டயரும் 80/100-18 (முதல் எண் மி.மீ.ல அகலம்); நூல் முன் டயரை இருபுறமும் லேசா உரசணும். முன்னே 80, பின்னே 100 டயர்னா பக்கத்துக்கு 10 மி.மீ. இடைவெளி வரணும். ஒரு பக்கம் 15, மறுபக்கம் 5னா முன் வீல் 5 மி.மீ. விலகியிருக்கு.

திருச்சி, சேசிஸ் வேலை:
நூல் பக்கவாட்டு விலகலை மட்டும்தான் காட்டும். ஹெட் பைப் (சேசிஸ் முன்னால, ஹேண்டில் திரும்புற குழாய்) பின்னால தள்ளியிருந்தா தெரியாது. அதுக்கு வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு நடுவுல உள்ள தூரம்) அளக்கணும். புது ஸ்ப்ளெண்டர் பிளஸ்ல 1236 மி.மீ. டவுன் டியூப்ல (ஹெட் பைப்பிலிருந்து எஞ்சின் பக்கம் இறங்குற குழாய்), ஹெட் பைப்புக்குக் கீழே பெயின்ட் செதில் செதிலா உதிர்ந்திருந்தாலோ, எஞ்சின் மவுண்ட் போல்ட் கையால உருவ வராம இறுகினாலோ சந்தேகப்படுங்க.

சின்ன வளைவுன்னா சேசிஸை ஜிக்ல (அசையாம பிடிக்கிற சட்டம்) பூட்டி ஹைட்ராலிக் ஜாக்கால சூடு காட்டாம குளிர்ச்சியிலேயே இழுக்கணும். இரும்பு திரும்பி வரும், அதனால தேவைக்குக் கொஞ்சம் கூடுதலா இழுத்து விடணும். டைமண்ட் சேசிஸ்ல (கீழே குழாய் மூடாத வகை) எஞ்சினே ஒரு தாங்கு உறுப்பு. எஞ்சினோ, அதே அளவு டம்மியோ பூட்டாம இழுத்தா எஞ்சினைப் பிடிக்கிற மவுண்ட் காது கோணிடும். கேஸ் வச்சு சிவக்கச் சுடுறது சுலபம்தான், அந்த இடம் பலவீனமாயிடும். டியூப்ல சுருக்கம் விழுந்திருந்தா இழுக்கவே வேணாம், மாத்துங்க. வேலை முடிஞ்சதும் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி வெல்டு எல்லாத்துலயும் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டுற சாய திரவம்) அடிச்சு விரிசல் பாருங்க. ஹெட் பைப்ல ஹேண்டில் திரும்ப உதவுற பால் ரேஸ் (பேரிங்) செட்டும் புதுசு போடுங்க. மோதல்ல குழி விழுந்திருந்தா ஹேண்டில் நடுவுல 'டக்'னு நிக்கும்.

மதுரை, க்ளெய்ம் வேலை தெரிஞ்சவர்:
சேசிஸையே மாத்துறதுன்னா அதோட நம்பர்தான் பெரிய வேலை. பெரும்பாலான வண்டியில அது ஹெட் பைப்லயே பொறிச்சிருக்கும். பழைய நம்பர் துண்டை வெட்டிப் புதுசுல ஒட்டித் தர்ற பட்டறை பக்கமே போகாதீங்க, குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி ஆர்சியில இருக்கற விவரம் மாறினா ஆர்டிஓ அனுமதி வேணும். டீலர் பில்லோட, கழற்றறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுடுங்க.

இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்னா சர்வேயர் பார்க்காம ஒரு நட்டு கூடக் கழற்றக் கூடாது. செலவு ஐடிவியில (பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினா மொத்த இழப்புக் கணக்குல போகும்; அப்ப சேசிஸ் மாத்துற பேச்சே இல்ல.

கோவை, பட்டறை:
எஃப்ஐ (எலக்ட்ரானிக் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில சேசிஸ்ல வெல்டு வைக்கறதா இருந்தா பேட்டரி நெகடிவ், எஞ்சினைக் கட்டுப்படுத்துற ஈசியூ கம்ப்யூட்டரோட கப்ளர் ரெண்டையும் கழற்றிடுங்க.