எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதுதானே சமத்துவம்?

தண்டையார்பேட்டைக்காரன்:
டீக்கடையில் நண்பர் ஒரே சண்டை. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவருக்கு நிவாரணம், 'எனக்கு மட்டும் ஏன் இல்லை? சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற அரசியலமைப்புச் சட்டப்பிரிவு 14 என்ன ஆச்சு?' என்கிறார். என்ன பதில் சொல்ல?

காசிமேட்டு அக்கா:
தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அவர் ஆபீஸையும் அப்படிப் பூட்டட்டும், அப்புறம் தாராளமாக நிவாரணம் கேட்கலாம். மீன் விற்றுவிட்டு பஸ்ஸில் திரும்புகிறவள் நான். மிச்சமாகும் டிக்கெட் காசு மறுநாள் ஐஸுக்கு ஆகிறது.

வண்ணாரப்பேட்டை வக்கீல்:
14-ஐ மட்டும் படித்தால் போதாது. 15(3) பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாட்டை அனுமதிக்கிறது. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே அனுமதிக்கும் 15(4) 1951-இல் சேர்ந்ததே நம் சென்னை மாகாண இடஒதுக்கீட்டு வழக்கால்தான்.

தண்டையார்பேட்டைக்காரன்:
சரி, வசதியான பெண்ணுக்கும் இலவசம்தானே?

காசிமேட்டு அக்கா:
அவங்க எங்கே தம்பி இந்தக் கூட்டத்தில் ஏறுகிறார்கள்?