'தொடர்பு நேரம்' வேண்டாம், 'ஈரநேரம்' என்போம்

> காண்டாக்ட் டைம் = தொடர்பு நேரம். மூலச்சொல்லுக்கு நேரான ஆக்கம் என்பதால் இதையே பரிந்துரைக்கிறேன்.

வணக்கம் ஐயா.

மருத்துவமனைத் தூய்மை பற்றிய தங்கள் கலைச்சொல் பட்டியலில் மற்ற சொற்கள் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன. இலங்கை நண்பர் சொன்ன 'தொற்றுநீக்கம்' (டிஸ்இன்ஃபெக்‌ஷன்) உட்பட எல்லாம் எனக்குச் சம்மதம். காண்டாக்ட் டைம், அதாவது கிருமிநாசினி வேலை செய்யப் பரப்பில் விட வேண்டிய நேரம், அதற்குத் தாங்கள் தந்த இந்தச் சொல்லை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். 'தொடர்பு நேரம்' என்று சுவரில் ஒட்டினால், யாரை எத்தனை மணிக்குப் போனில் பிடிக்கலாம் என்ற தகவலாகத்தான் படிப்பார்கள். இந்தச் சொல் போய்ச் சேர வேண்டியது வார்டு துடைக்கும் அக்காமாரிடம். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கிருமிநாசினி மருந்து பட்ட கணமே கிருமி செத்துவிடாது. அதன் புரதங்களைச் சிதைக்கக் குளோரினுக்கு அவகாசம் வேண்டும். அதுவரை பரப்பு நனைந்தே இருக்க வேண்டும். காய்ந்தால் வேலை நின்றுவிடும். ரத்தம் சிந்திய இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தபின் 0.5 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் மருந்து) ஊற்றினால் 10 நிமிடம் விடச் சொல்கிறோம். (5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்ததில் வீரியம் இருக்காது.)

வார்டில் நடப்பதோ வேறு. கட்டில் கம்பியில் மருந்துத் துணியை இழுத்த கையோடு பின்னாலேயே காய்ந்த துணி வருகிறது. வீட்டில் மேசை துடைத்துப் பழகிய கை. ஈரம் தெரிந்தால் "இன்னும் முடிக்கலையா?" என்று மேற்பார்வையாளர் அதட்டுவார் என்ற பயமும் உண்டு. தலைக்கு மேலே மின்விசிறி வேறு. அதன் நேர்கீழே இருக்கும் கம்பியைப் பாதியில் ஒருமுறை மறுபடி நனைத்தால்தான் 10 நிமிடம் தாங்கும். அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பளபளவென்று இருக்கும் அந்தக் கம்பியிலிருந்து செவிலியர் கைக்கும், அங்கிருந்து அடுத்த நோயாளியின் கதீட்டருக்கும் (உடலுக்குள் செலுத்திய குழாய்) போய்விடும். மருந்து வாங்கிய காசும் வீண், அந்த அக்காவின் இடுப்பொடிந்த உழைப்பும் வீண். இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அதனால் சொல்லிலேயே ஈரம் இருக்கட்டும் என்கிறேன். ஈரத்தைக் கண்ணால் பார்க்கலாம், மேற்பார்வையாளரும் பார்க்கலாம். புட்டியில் 'ஈரநேரம்: 10 நிமிடம்' என்று ஒட்டலாம். "ஈரநேரம் முடியட்டும்க்கா, துணியை எடுக்காதீங்க" என்று பேச்சிலும் தடங்கலில்லாமல் வருகிறது.

> ஈரநேரம் என்பதைக் 'காய்வதற்கு ஆகும் நேரம்' என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

இப்படிக் கேட்ட அம்மாவுக்கு: நியாயமான ஐயம்தான். ஸ்பிரிட் விஷயத்தில் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். 70 சதவீத ஆல்கஹால் அகலமான பரப்பில் சட்டென்று ஆவியாகிவிடும். 'காய்ந்தது, ஆகவே முடிந்தது' என்று தோன்றும். எனவே விளக்கத்தை இறுக்கமாக எழுதிவிடுவோம்: 'கிருமிநாசினி தடவிய பரப்பு நனைந்தே இருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம்.' 'ஈரங்காக்கும் நேரம்' இன்னும் தெளிவுதான், ஆனால் புட்டி ஒட்டிக்கு நீளம்.

கருவிகளை முக்கிவைப்பதற்கு இதே சொல்லை இழுக்க வேண்டாம். அதற்கு 'ஊறல் நேரம்' போதும். தியேட்டரில் "மருந்துல ஊறப்போடு" என்றுதான் ஏற்கெனவே சொல்கிறார்கள். 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறினால் உயர்நிலைத் தொற்றுநீக்கம். வித்துகளும் (சில கிருமிகளின் எளிதில் சாகாத உறங்குநிலை) அழிந்து முழு நுண்ணுயிர்நீக்கம் ஆக 10 மணி நேரம். திரவம் ஒன்றேதான், தரத்தைத் தீர்மானிப்பது நேரம். பட்டியலில் 'உயர்நிலைத் தொற்றுநீக்கம்', 'நுண்ணுயிர்நீக்கம்' இரண்டுக்கும் எதிரே நேரத்தையும் சேர்த்தே போட்டால் நல்லது.

அப்படியே 'தூய்மையாக்கல்' பதிவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: சோப்புநீரில் அழுக்கெடுத்து அலசிய பிறகே ஈரநேரம் தொடங்கும். ரத்தமும் சளியும் ஒட்டியிருந்தால் குளோரினை அவையே தின்றுவிடும்.

அடுத்தது ஹை டச் சர்ஃபேஸ். 'அதிகம் தொடப்படும் மேற்பரப்பு' என்று இருக்கிறது. கட்டில் கம்பி, அழைப்பு மணி, கதவுப்பிடி, ட்ரிப் ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் 'கைபடுமிடம்' என்று சுருக்கலாமா? இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். பயிற்சி அட்டை அச்சுக்குப் போகுமுன் முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்.