‘எத்தனை பிள்ளைகள்?’ என்ற கேள்வியில் விடுபட்ட இருவர்: நேர்காணல் எடுப்பவர்களின் அனுபவப் பகிர்வு

கள ஆய்வாளர், திண்டுக்கல் மாவட்டம்

குடும்ப நலக் கணக்கெடுப்புகளுக்காக வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்கும் வேலையில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். நேர்காணல் என்றதும் தொலைக்காட்சிப் பேட்டியும் வேலைக்கான நேர்முகத் தேர்வும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. திண்ணையிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் நாள்தோறும் நடப்பதும் நேர்காணல்தான். அவரவர் கேள்வி கேட்ட இடத்தில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொண்டு நானே தொடங்குகிறேன்.

நத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாற்பது வயதைக் கடந்த ஓர் அக்காவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "மூணு" என்றார். இறந்த பிள்ளை உண்டா என்று வினாத்தாளில் இருந்தபடி கேட்டதற்கு, இல்லை என்று தலையசைத்தார். வயதுகளை எழுதும்போது மூத்தவனுக்கும் அடுத்தவளுக்கும் இடையே ஆறு ஆண்டு இடைவெளி இருப்பதைக் கவனித்தேன். இப்படிப்பட்ட இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தரப்பட்டதுதான்; பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு வீடுகளை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அதை விட்டிருந்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நடுவுல பிறந்து, ஒரு சத்தம் அழுதுட்டு, கொஞ்ச நேரமாவது மூச்சு விட்டுட்டுப் போன பிள்ளை இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன். அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அது ரெண்டு இருந்துச்சு தாயி. தங்கல. பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு" என்றார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. தங்காத பிள்ளை அவருடைய கணக்கில் ‘இறந்த பிள்ளை’ ஆகாது. ‘இறந்த’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது வினாத்தாள். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறக்கின்றன என்பதைத்தான் சிசு இறப்பு விகிதம் என்கிறோம். பெயர் வைக்கும் முன்பே போன பிள்ளைகள் இப்படி வீடு வீடாக விடுபட்டால், அந்த விகிதம் காகிதத்தில் மட்டும் குறைந்து நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வில் கணவரின் வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்கலாம். அதுவும் அவர் தனியாக இருந்தால் மட்டுமே. அந்தக் கேள்விகளுக்கு வந்தபோது அந்த அக்காவின் மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு அருகில் வந்து அமர்ந்தார். நான் உடனே பேச்சைக் குடிதண்ணீருக்கு மாற்றினேன். அவர் எழுந்து செல்லவே இல்லை என்பதால் அந்தப் பக்கத்தை நிரப்பாமல்தான் திரும்பினேன். நான் கேட்டுவிட்டு வந்த கேள்விக்காக, நான் போன பின்பு அந்த அக்கா அடிபடக்கூடாது.

மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலையம்

‘தங்கல’ என்ற சொல் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. எங்கள் அறையிலும் இதே இடைவெளி உண்டு. சர்க்கரை நோயுள்ள, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயி "வாய்வுப் பிடிப்பு" என்று வந்தார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லவே இல்லை என்றார். வயிற்றுக்கு மாத்திரை எழுதத் தொடங்கியவன், ஏதோ தோன்றி, "எப்படி இருக்குது, நீங்களே சொல்லுங்கய்யா" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். "வரப்புல நடந்தா நெஞ்சு மேல நெல்லு மூட்டைய வச்ச மாதிரி அமுக்குது, நின்னா விட்டுடுது" என்றார். இதயத்துக்கு இரத்தம் குறைவதன் அடையாளத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. அவர் ‘வலி’ என்று நினைத்திருந்தது குத்துவதையும் கடுப்பதையும். பாரம் அவருக்கு வலி அன்று. இசிஜி எடுத்துவிட்டு அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று 1984-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பின்னர் அளந்து பார்த்தபோது சராசரி 92 நொடிகளாக இருந்தது. காலை ஒன்பது மணிக்கே வாசல் வரை வரிசை நிற்கும் எங்களைப் போன்ற இடங்களுக்கு ஒன்றரை நிமிடம் கூடப் பெரிய செலவுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விவசாயியிடம் நான் மிச்சப்படுத்த இருந்த நேரத்தின் விலை என்ன என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

ஆதரவு நபர், போக்சோ வழக்குகள்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்ட வழக்குகளில் குழந்தைக்குத் துணையாக நிற்பது என் வேலை. குழந்தைகளின் அடையாளம் எவ்விதத்திலும் வெளிப்படக் கூடாது என்பதால், நான் தனி வழக்கு எதையும் சொல்லாமல், மீண்டும் மீண்டும் கண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவுசெய்ய வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். நீதிமன்றத்திலும் வழக்கறிஞர்கள் குழந்தையை நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் குழந்தையிடம் கேட்பார். இவை மென்மைக்காக மட்டும் வைத்த விதிகள் அல்ல, உண்மை கெடாமல் வெளிவருவதற்கான விதிகள்.

நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஆசிரியர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதலில் சொன்ன விடை தவறு என்று பொருள். விசாரணையில் ஒருவர் "நல்லா யோசிச்சுச் சொல்லு, எங்க நடந்துச்சு?" என்று மறுபடியும் கேட்டவுடன், சரியாகச் சொன்ன குழந்தையும் விடையை மாற்றிவிடும், பின்னர் அதையே முரண்பாடு என்று எதிர்த்தரப்பு காட்டும். ஆகவே தொடக்கத்திலேயே, "நான் அங்க இல்லடா கண்ணு, எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கும் தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம், நான் தப்பாச் சொன்னா என்னைத் திருத்தலாம்" என்று சொல்லிவிட்டு, பொங்கலன்று வீட்டில் என்ன செய்தீர்கள் என்பது போன்ற ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்வது நல்லது. தடங்கலின்றி நீளமாகச் சொல்லிப் பழகிய பிறகே நடந்ததற்குள் நுழைய வேண்டும்.

உறவுச் சொல்லிலும் மிகுந்த கவனம் வேண்டும். தெருவில் உள்ள எல்லா ஆண்களும் நம் குழந்தைகளுக்கு ‘மாமா’வோ ‘அண்ணா’வோதான். ‘மாமா’ என்று குழந்தை சொன்னதும் தாய்மாமன் என்று எழுதிவிட்டால் ஒரு குடும்பமே சிதைந்துபோகும். "எந்த மாமா?" என்று கேட்டாலே குழந்தை மாமாக்களின் பட்டியலைத் தேடும், "அந்த மாமாவப் பத்திச் சொல்லு" என்றால் அவருடைய வண்டி, அவர் வீட்டு நாய் என்று தானாகவே அடையாளம் வரும்.

மனிதவளப் பிரிவு, பம்ப் தொழிற்சாலை, கோவை

சுருக்கமாகச் சொல்கிறேன். டிப்ளமோ முடித்த ஓர் இளைஞர் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார். குழுவில் இருவர் மதிப்பெண்ணையும் போட்டுவிட்டனர். தொழிற்கூடத்துக்கு அழைத்துச் சென்று ஓர் உலோகத் தண்டையும் அதை அளக்கும் வெர்னியர் அளவியையும் கொடுத்தோம். அவர் தண்டைத் தொடவில்லை. முதலில் தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்து, "சார், இதுல சுழிப் பிழை இருக்கு" என்றார்; தாடைகள் மூடியிருக்கும்போதும் அளவு சுழியில் நிற்கவில்லை என்று பொருள். அன்று முதல் எல்லா விண்ணப்பதாரருக்கும் அதே கருவி, அதே கேள்வி, அதே வரிசை என்று மாற்றிவிட்டோம்.

வாய்மொழி வரலாறு தொகுப்பவர், இராமேசுவரம்

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி, அப்போது சிறுவராக இருந்த ஒரு மீனவப் பெரியவரிடம் கேட்டேன். பாம்பனிலிருந்து வந்த இரயில் கடலோடு போனது, தேவாலயம் இடிந்தது என்று ஊரறிந்த செய்திகளையே வரிசையாகச் சொன்னார். பலரும் வந்து கேட்டுக் கேட்டு, அவர் வாயில் அந்தக் கதை செதுக்கிவைத்தது போல ஆகியிருந்தது. மறுநாள் ஒலிப்பதிவுக் கருவியைத் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டு, புயல் என்ற சொல்லையே எடுக்காமல், "அன்னைக்குச் சாயங்காலம் வீட்ல என்ன உலை வச்சிருந்தாங்கய்யா?" என்று கேட்டேன்.

பதிவில் அந்த இடத்தில் காற்றின் இரைச்சல் மட்டும் நெடுநேரம் இருக்கிறது. அடுத்த கேள்வியைக் கேட்டுவிடாமல் இருக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "கெளுத்திக் குழம்பு. அடுப்பு பத்தவே இல்ல, கூரைக்குள்ள காத்து இறங்கிருச்சு. அம்மா என் தங்கச்சியத் தூக்கி இடுப்புல கட்டுனா" என்று தொடங்கினார். தங்கை ஒருத்தி இருந்தாள் என்பதை முதல் நாள் அவர் சொல்லவே இல்லை.

கள ஆய்வாளர், திண்டுக்கல் மாவட்டம்

பெரியவரின் தங்கையைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்த அக்காவின் நினைவு வந்தது. அன்று படிவத்தில் ‘மூன்று’ என்பதை அடித்து ‘ஐந்து’ என்று திருத்தியபோது அவர் எட்டிப் பார்த்து, "அதையும் எழுதுறியா?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். "மூத்தது பொண்ணு, அடுத்தது பையன். அப்படியே எழுதிக்க" என்றார்.