ஏரிக்கரை ரிசார்ட்டில் இரண்டரை வயதுக் குழந்தையோடு தங்கலாமா? முதலை பயமாக இருக்கிறது

எடிசன் வித்யா:

வணக்கம். மே கடைசி வாரம் ஆர்லாண்டோ போகிறோம். நானும் கணவரும், இரண்டரை வயதுப் பையன், அப்புறம் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் அப்பா அம்மா. ஐந்து நாள். ஒரு ஏரியை ஒட்டிய ரிசார்ட்டில் தரைத்தளத்தில் இரண்டு அறை போட்டிருக்கிறோம். கதவைத் திறந்தால் புல்வெளி, புல்வெளி முடிந்தால் வெள்ளை மணல், மணல் முடிந்தால் தண்ணீர். அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் அறையே போட்டோம்.

நேற்று இரவு மற்ற படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் ஓரத்தில் ஒரு பலகை, அதில் முதலை படம். போன் செய்து கேட்டேன். "ஃபுளோரிடாவில் எல்லாத் தண்ணீரிலும் இருக்கும், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றார்கள். முதல் பாதியைக் கேட்ட பிறகு இரண்டாம் பாதி மனதில் நிற்கவில்லை.

அம்மாவிடம் சொன்னதும் அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையைப் பேரனுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்பா பயப்படவில்லை, அதுதான் எனக்குப் பயம். விடியற்காலையில் எழுந்து தண்ணீர்ப் பக்கம் நடப்பது அவருக்கு ஐம்பது வருடப் பழக்கம்.

ரத்து செய்தால் பாதிப் பணம்தான் திரும்ப வரும். செய்துவிடலாமா? அல்லது நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா? அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜாக்சன்வில் ராஜேஷ்:

ரத்தெல்லாம் வேண்டாம். இந்த மாநிலத்தில் 13 லட்சம் அலிகேட்டர், அதாவது நீங்கள் சொல்லும் அந்த முதலை வகை, இருக்கிறது என்று வனவிலங்குத் துறையே சொல்கிறது. 67 கவுண்டியிலும் (மாவட்டம் மாதிரி) உண்டு. அப்படியிருந்தும் மருத்துவமனைக்குப் போகிற அளவு கடி, நாம் சீண்டாமல் அதுவாகக் கடித்தது, வருடத்துக்குச் சராசரியாக எட்டுதான். விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குக் காரில் போகிற ஆபத்து இதைவிடப் பெரிது. குழந்தைக்குக் கார் சீட் சரியாக மாட்டுங்கள், நிம்மதியாகப் போய் வாருங்கள்.

கிசிமி சரவணன்:

வித்யா, நான் இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. ராஜேஷ் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்தச் சராசரி எல்லாரையும் சேர்த்துப் போட்டது. தண்ணீர்ப் பக்கமே போகாத கோடிக்கணக்கான பேரும் அதில் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் ஓரத்தில் குந்தியிருக்கும் இரண்டரை வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

2016 ஜூன் 14-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. டிஸ்னி வளாகத்துக்குள் இருக்கும் செவன் சீஸ் லகூன். அது மனிதர்கள் வெட்டிய ஏரி, கரையில் கொட்டிய மணல். இரவு ஒன்பது மணி வாக்கில் மணலில் திரை கட்டிப் படம் காட்டும் ஏற்பாடு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு வயதுப் பையன் வாளியில் தண்ணீர் எடுக்கக் குனிந்தான். கணுக்கால் நனைகிற தண்ணீர்தான். அப்பா பக்கத்திலேயே இருந்தார். பாய்ந்து போய்க் கையாலேயே போராடினார், கை கிழிந்தது, பிள்ளையை விடுவிக்க முடியவில்லை. மறுநாள்தான் உடல் கிடைத்தது. அன்று அங்கே இருந்த பலகையில் "நீந்தக் கூடாது" என்று மட்டும்தான் எழுதியிருந்தது, முதலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகுதான் வேலியும் பாறை வரிசையும் முதலைப் படம் போட்ட பலகையும் வந்தன.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அதே மணலில் அவளும் ஒரு வாளியோடு விளையாடியிருக்கிறாள். நான் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அது துரத்தி வந்து பிடிக்கிற மிருகம் இல்லை. தண்ணீர் குடிக்க வரும் மான், ரக்கூன், கொக்கு இவற்றுக்காக ஓரத்திலேயே அசையாமல் கிடக்கும். அசையாமல் என்றால் கட்டை கிடக்கிற மாதிரி. ஓரத்தில் தாழ்வாக, சின்னதாக எது அசைந்தாலும் அதற்கு இரை. நிமிர்ந்து நிற்கிற பெரிய ஆளை அது அப்படிப் பார்ப்பது அபூர்வம். வாளியோடு குந்தியிருக்கும் குழந்தையும், நாக்கை நீட்டித் தண்ணீர் குடிக்கும் நாயும் அதன் கண்ணுக்கு ஒன்று. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரைதான் அது அதிகம் இரை தேடும். நீங்கள் வரும் மே கடைசியில் இணை சேரும் காலம் வேறு, ஆண்கள் இடம் மாறி மாறி அலையும். நேற்று எதுவும் இல்லாத குளத்தில் இன்றைக்கு ஒன்று இருக்கலாம். வெயில் ஏற ஏற அதற்குப் பசியும் ஏறும். 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் நல்ல சுறுசுறுப்பு, 21-க்குக் கீழே போனால் இரையே எடுக்காது. டிசம்பரில் வந்திருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்பா விஷயம். என் அப்பாவும் மயிலாடுதுறைப் பக்கம்தான். வீட்டுக்கு எதிரே கோயில் குளம், அமாவாசைக்கு மீனுக்குப் பொரி போட்டே வளர்ந்தவர். 2019-ல் இங்கே வந்து மூன்று மாதம் இருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் சேர வெட்டிய குளம் ஒன்று உண்டு, இங்கே எல்லாக் குடியிருப்பிலும் இருக்கும். காலையில் மிச்சமான இட்லியைப் பிய்த்து ஆமைக்கும் வாத்துக்கும் போடுவார். நாங்கள் வேலைக்குப் போன பிறகு நடக்கிற காரியம், எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குளக்கரையில் நின்று கையை அசைத்துக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருடா, உடும்பு மாதிரி ஒண்ணு தினமும் வருது" என்றார். தண்ணீரில் மேலே தெரிந்தது இரண்டு இடம்தான். மூக்கு நுனியில் ஒரு மேடு, பின்னால் இரண்டு கண். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் எத்தனை அங்குலமோ, ஏறக்குறைய அத்தனை அடி உடம்பு என்று இங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். என் கணக்குக்கு ஏழு அங்குலம் இருந்தது. அப்பா தண்ணீரிலிருந்து ஒரு எட்டு தூரத்தில் நிற்கிறார். நான் ஓடி வருகிற சத்தம் கேட்டால் சாதாரணமாக அது முங்கிவிட வேண்டும். இது முங்கவில்லை. அப்பாவைப் பார்த்து வந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை, மூக்குக்குப் பின்னால் மெல்லிய கோடு ஒன்று மட்டும் தண்ணீரில் விரிந்துகொண்டே வந்தது. அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். வாழ்க்கையில் அவரை நான் அப்படித் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

அலிகேட்டருக்கு இயல்பாகவே மனிதர்கள் என்றால் பயம், விலகிப் போய்விடும். யாராவது இரண்டு தடவை தீனி போட்டால் அந்தப் பயம் போய்விடும். கரையில் ஆள் நின்றால் சாப்பாடு என்று பழகிவிடும். அதனால்தான் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம். உங்கள் ரிசார்ட் ஏரியில் உங்களுக்கு முன்னால் தங்கியவர் எதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார் என்று உங்களுக்குத் தெரியாது. இதுதான் ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உள்ள உண்மையான ஆபத்து.

மாநில ஹாட்லைனுக்குப் போன் செய்தேன். 866-392-4286, உங்கள் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள். நாலு அடிக்கு மேல் இருந்து, ஆளுக்கோ வீட்டு நாய்க்கோ ஆபத்து என்று தோன்றினால் பிடிக்க ஆள் அனுப்புவார்கள். வந்தவர் இரை மாட்டிய தூண்டிலில் இழுத்து, வாயைச் சுற்றி டேப் ஒட்டி, வண்டியில் ஏற்றினார். ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. வேறு ஏரியில் கொண்டுபோய் விடுவார்களா என்று அப்பா கேட்கச் சொன்னார். இல்லை, இந்த அளவில் பிடிபட்டால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள், கொண்டுபோய் விட்டாலும் பழைய இடத்துக்கே திரும்பி வரும் என்றார் அவர். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "நான் போட்ட இட்லிக்கா அது சாகணும்" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான்.

ஆகவே ரத்து செய்ய வேண்டாம், அறையை மாற்றுங்கள். ஏரிப் பக்கத் தரைத்தளம் வேண்டாம், நீச்சல் குளம் பக்கம் மேல் மாடி கேளுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் கதவைத் திறந்து ஓடுவது ஒரு நொடி. எங்கள் வீட்டில் விதி, தண்ணீர் ஓரத்திலிருந்து இருபது அடி. அந்தக் கோட்டைத் தாண்டினால் குழந்தை இடுப்பில் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு கரைப் பக்கமே கிடையாது. அங்கே மே மாதம் எட்டேகால் வாக்கில் சூரியன் மறையும், அதனால் ஏழரைக்கே கிளம்பிவிடுங்கள்.

சவான்னா மாலதி:

சரவணன் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஜார்ஜியாவில், தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அது முழுக்க விடுமுறைக்கு வருகிறவர்களின் ஊர். கோல்ஃப் மைதானம், மைதானத்துக்கு நடுவில் குளங்கள். 2018-ல் அங்கே ஒரு ரிசார்ட் குடியிருப்பில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த பெண் ஒருவர் நாயைக் காப்பாற்றப் போய் இறந்தார். 2023-ல் அதே தீவில் 69 வயதுப் பெண் ஒருவர். அதே வருடம் பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் 85 வயதுப் பாட்டி, வீட்டுக்குப் பக்கத்துக் குளக்கரையில், நாயோடு. குழந்தையை மட்டும் நினைத்து வயதானவர்களை விட்டுவிடாதீர்கள். அப்பா நடக்கட்டும், ஆனால் நன்றாக விடிந்த பிறகு, கட்டிடத்தின் வாசல் பக்கச் சாலையில்.

இன்னொன்று. வளைந்து வளைந்து ஓடினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீருக்கு எதிர்த் திசையில் நேராக ஓட வேண்டும். கரையில் அதற்கு வெகு தூரம் ஓடத் தெம்பு கிடையாது. பிடித்தேவிட்டால் சும்மா இருக்கக் கூடாது, மூக்கிலும் கண்ணிலும் பலங்கொண்ட மட்டும் குத்த வேண்டும்.

எடிசன் வித்யா:

சரவணன் அண்ணா, மாலதி அக்கா, ராஜேஷ், மூவருக்கும் நன்றி. உங்கள் அப்பா கதையை என் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அணைக்கரையில கொள்ளிடத்துல முதலை இருக்கு, அங்க எவனாவது இறங்குவானா? இங்க புல்லு வெட்டி நாற்காலி போட்டிருக்கான், அதான் ஏமாந்துட்டேன்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. அந்த வெள்ளை மணலைப் பார்த்து நானும் கடற்கரை என்றுதான் நினைத்திருந்தேன்.

அறையை மாற்றிவிட்டேன். நான்காவது மாடி, நீச்சல் குளம் பக்கம், ஒரு இரவுக்குப் பதினெட்டு டாலர் கூடுதல். இரண்டு சந்தேகம். நீச்சல் குளத்துக்குள் வராதா? கோக்கோ பீச்சுக்கு ஒரு நாள் போகலாம் என்று இருக்கிறோம், கடலில் எப்படி?

கிசிமி சரவணன்:

அப்பா சொன்னதைவிட நான் ஒன்றும் சரியாகச் சொல்லிவிடவில்லை.

கடலில் பயம் வேண்டாம். இது நன்னீர் மிருகம், உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் தாங்கும், அங்கே வாழாது. கோக்கோ பீச்சில் பையன் ஆசை தீர விளையாடட்டும், அங்கே பார்க்க வேண்டியது அலையும் நீரோட்டமும்தான். நீச்சல் குளத்துக்குள் எப்போதாவது வந்து விழுவது உண்டு, ஆனால் உள்ளே தரை தெளிவாகத் தெரியும். இறங்கும் முன் ஒரு சுற்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அம்மா அப்பாவுக்கு அதைப் பார்க்க ஆசை இருந்தால் கேட்டர்லேண்ட் என்ற அலிகேட்டர் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். 1949-லிருந்து இருக்கிறது, ஆர்லாண்டோவின் தெற்கே. மரப்பாலத்து மேலே நின்று பார்க்கலாம். இருட்டிய பிறகு உங்கள் நாலாவது மாடி பால்கனியிலிருந்து ஏரிப் பக்கம் தெரிந்தால், நல்ல டார்ச் ஒன்றை எடுத்து உங்கள் கண் மட்டத்தில் பிடித்துத் தண்ணீர் மேல் அடித்துப் பாருங்கள். சிகரெட் கங்கு மாதிரி சிவப்பாகக் கண் தெரியும். என் மகளுக்கு ஐந்து வயதில் அப்படித்தான் மொட்டைமாடியிலிருந்து காட்டினேன். அன்றைக்கு மூன்று ஜோடி எண்ணினாள். அதற்குப் பிறகு இருபது அடிக் கோட்டை நான் அவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

எடிசன் வித்யா:

டார்ச் வாங்கிவிட்டேன் அண்ணா. அப்பா பெட்டியில் அரைக் கிலோ பொரி இருந்தது. எடுத்து வெளியே வைத்துவிட்டார்.