புதுப்பிப்பு: காலையில் பிடிக்காத கார்புரேட்டர் கார், குற்றவாளி சோக் அல்ல

இரவு முழுக்க நின்ற வண்டி நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது, சூடானபின் தொல்லையே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் சோக்கைச் (குளிரில் காற்றைக் குறைத்து, பெட்ரோல் மிகுந்த கலவை தரும் தகடு) சந்தேகித்தீர்கள். சோக் சரியாகவே மூடுகிறது. இரவில் காலியாவது ஃப்ளோட் சேம்பர், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு கிண்ணம்.

சோதனை எளிது. செல்ஃப் அடிக்கும் முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக் தகட்டை விரலால் திறந்து, த்ராட்டில் லிவரை (ஆக்சிலரேட்டர் மிதித்தால் அசையும் நெம்புகோல்) ஒருமுறை முழுக்க இழுங்கள். பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா? சேம்பர் காலி, அல்லது இப்படிப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் (சவ்வு) கிழிசல். சேம்பரின் வென்ட் (காற்றுப்போக்கு) குழாய் வழியே சிரிஞ்சில் 20 மி.லி. பெட்ரோல் விட்டு மறுபடி இழுங்கள். இப்போது பீய்ச்சினால் டயாஃப்ரம் நலம்.

என் வண்டியில் இரண்டு கோளாறு சேர்ந்திருந்தன. சேம்பரின் அடியிலுள்ள அடைப்பான் கசிந்து, பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினுக்குக் கலவை செல்லும் குழாய்) சொட்டியது. பியூவல் பம்ப்பின் ஒருவழி வால்வும் தேய்ந்ததால் லைனில் இருந்தது டாங்குக்கே திரும்பிவிட்டது. முதலாவது மட்டும் என்றால் சில சுற்றிலேயே சேம்பர் நிரம்பியிருக்கும். அடைப்பானுக்குப் பெட்ரோல் தாங்கும் எப்பாக்ஸி பசை. டாங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே புது ஒருவழி வால்வு, அம்புக்குறி பம்ப்பை நோக்கி. வெடித்த ரப்பர் ஹோஸையும் மாற்றியாயிற்று. இப்போது சோக் இழுத்து ஒரே செல்ஃபில் பிடிக்கிறது.