வாய்க்கால் குறிப்புகளைப் படமாக எழுத எந்தச் செயலி பொருந்தும்?

கேள்வி (நீடாமங்கலம் பக்கம்)

வணக்கம். எங்கள் ஊர் வாய்க்கால்களைப் பற்றி மூத்த விவசாயிகள் சொல்வதைச் சில மாதங்களாகக் குறிப்பெடுத்து வருகிறேன். எந்த மதகில் எந்த வாய்க்கால் பிரிகிறது, எந்த வயல் தலைமடை, எது கடைமடை, வடிகால் எங்கே தூர்ந்து கிடக்கிறது என்பதையெல்லாம் வரிவரியாக எழுதினால், பத்துப் பக்கம் தாண்டியதும் எனக்கே பிடிபடுவதில்லை. ஆகவே கட்டமும் அம்பும் படமுமாக எழுதும் முறைக்கு மாற விரும்புகிறேன். என்னிடம் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியும் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் உள்ளன. வயலில் இணையம் கிடைக்காது. தமிழில் தட்டச்சு செய்யவும், மதகுகளின் படங்களை அந்தந்த இடத்தில் ஒட்டவும் முடிய வேண்டும். ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறந்து தண்ணீர் இங்கு வந்துவிட்டால் வாய்க்காலின் தரை கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதற்குள் நடந்து பார்த்து முடிக்க வேண்டும். ஃப்ரீபிளேன், எக்ஸ்காலிடிரா, அப்சிடியன் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மறுமொழி (கும்பகோணம்)

ஃப்ரீபிளேன் போதும் என்பது என் கருத்து. நடுவில் ஒரு தலைப்பு, அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து துணைக்கிளைகள் என்று வளரும் மனவரைபடச் செயலி அது. இலவசம், இணையம் இல்லாமலே கணினியில் இயங்கும், தமிழும் ஒழுங்காக வரும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் நான்காகப் பிரிவதையும், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிவதையும் கால் மணி நேரத்தில் போட்டுவிடலாம். வேண்டாத கிளைகளைச் சுருக்கி வைக்கலாம் என்பதால் நூறு வாய்க்கால்கள் இருந்தாலும் திரை நெரியாது.

மறுமொழி (திருத்துறைப்பூண்டி)

மேலே எழுதியவரோடு பாசனம் வரைக்கும் உடன்படுகிறேன். வடிகாலுக்கு வந்தால் அந்த முறை உதவாது. நம் பகுதியில் பிரிந்த நீர் மறுபடியும் சேர்கிறது, மேலே உள்ள ஊரின் வடிகாலே பல இடங்களில் கீழே உள்ள ஊருக்குப் பாசன வாய்க்காலாகவும் இருக்கிறது. மனவரைபடத்தில் ஒவ்வொரு கிளையும் ஒரே தாய்க்கிளையிலிருந்துதான் பிரிய முடியும். அப்படியானால் இரண்டு வாய்க்கால்களின் உபரிநீரை வாங்கும் வடிகாலை எந்தக் கிளையின் கீழ் எழுதுவீர்கள்? குறுக்கே இணைப்புக்கோடு போடலாம் என்றாலும், பத்துக் கோடுகள் விழுந்ததும் படம் சிக்கிய நூல்கண்டாகிவிடும்.

எக்ஸ்காலிடிரா உலாவியில் இயங்கும் வரைபலகை. அதில் எந்தக் கட்டத்திலிருந்தும் எந்தக் கட்டத்துக்கும் அம்பு போடலாம், கட்டத்தை நகர்த்தினால் அம்பும் கூடவே வரும், கையாலும் வரையலாம். அதன் கையெழுத்து வடிவம் தமிழுக்குக் கிடைக்காது, கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவே வரும். வரைந்தது உலாவிக்குள் தங்குவதால், உலாவியின் தரவை அழித்தால் படமும் போய்விடும். அன்றன்றைக்குக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். அப்சிடியன் குறிப்பெடுக்கும் செயலி. அதில் உள்ள கான்வாஸ் என்ற பலகையில் கைவரைவு இல்லை. ஆனால் ஒவ்வொரு மதகுக்கும் தனிக் குறிப்பு எழுதி, அதையே அட்டையாகப் பலகையில் வைத்து, பக்கத்தில் படத்தை ஒட்டி, அம்பின்மேல் ‘மழைக்காலத்தில் மட்டும்’ என்று எழுத முடியும். குறிப்புகள் சாதாரண உரைக்கோப்புகளாக உங்கள் கணினியிலேயே இருக்கும். பணம் கட்டி வாங்கிய வேறொரு செயலி நின்றுபோனபோது, அதில் நான் எழுதிய இரண்டு வருடக் குறிப்புகளைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. அதனால் இந்த ஒரு குணத்துக்காகவே அப்சிடியனைச் சொல்கிறேன்.

மறுமொழி (தஞ்சாவூர்)

செயலி எதுவானாலும் பெரியவர்கள் முன்னால் அதைத் திறக்காதீர்கள் அம்மா. நான் ஒரு முறை திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கேட்டபோது, எதிரே இருந்தவர் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் ஒரு முழு சார்ட் தாளை விரித்து, பென்சிலால் ஆற்றை மட்டும் ஒரு கோடாக இழுத்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அவரே பென்சிலை வாங்கி, நான் போட்டிருந்த மதகை அடித்துவிட்டு, ஆலமரத்துக்குக் கிழக்கே தள்ளிப் போட்டார். தாளைப் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து, இரவில் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மூன்று நாள்கள் தாளோடு நடந்தேன், இரவில் அப்சிடியன் கான்வாஸில் அட்டைகளாக மாற்றினேன்; பழைய கணினியிலும் தடையின்றி ஓடுகிறது. ஒருவர் கோயில் வாய்க்கால் என்றும் இன்னொருவர் புதுவாய்க்கால் என்றும் சொன்னதை இதுவரை இரண்டாக எழுதி வைத்திருந்தேன். இரண்டு அட்டைகளிலிருந்தும் அம்புகள் ஒரே மதகுக்குப் போய் நின்றபோதுதான் சந்தேகம் வந்தது. இன்று காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒரே வாய்க்கால்தான்.