பைக் ஃபிட்டிங்: ‘ஆளளவு’ சரிவருமா?

ஓட்டுபவரின் உடலுக்குத் தக்கபடி மிதிவண்டியின் அளவுகளைச் சரிசெய்வதை ‘பைக் ஃபிட்டிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது ஒருவர் சொன்னது:

> ‘மிதிவண்டிப் பொருத்தம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு மாதிரி புரியும். எங்கள் தருமபுரி சைக்கிள் கடைகளில் ‘ஃபிட்டிங்’ என்றால் பெட்டியில் வந்த புது வண்டியைப் பூட்டித் தருவது. ‘பொருத்துதல்’ என்று எழுதினால் அந்த வேலைதான் நினைவுக்கு வரும். ஜாதகம் பார்ப்பவர்கள் குறுக்கே வருவது தனிக்கதை.

‘சட்டக அளவு’ (ஃப்ரேம் சைஸ்) என்பதும் போதாது. ஒரே 22 அங்குல வண்டியை இரண்டு பேர் ஓட்டினால் சீட்டை ஆளுக்குத் தக்கபடி ஏற்றி இறக்குகிறோம், முன்னே பின்னே நகர்த்துகிறோம். பெடலை நடு அச்சோடு இணைக்கும் கிராங்கை மட்டும் யாரும் தொடுவதில்லை. கியர் வண்டிகளில் பெரும்பாலும் 170 மி.மீ. கிராங்க்தான் வருகிறது. கால் குட்டையானவருக்கு அது நீளம். பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கும். ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரத்துக்கு மலை ஏறினால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 165 மி.மீ.யிலும் கிராங்க் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். சீட் உயரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: கவட்டிலிருந்து தரை வரையுள்ள நீளத்தை 0.883ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இருக்க வேண்டிய உயரம் வரும். 80 செ.மீ. என்றால் சுமார் 70.6. நாடா இல்லாதவர்கள் குதிகாலைப் பெடலில் வைத்து, அது கீழே போகும்போது கால் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் ஏறக்குறைய சரியாகவே வரும்.

இத்தனையையும் அடக்க ‘ஆளளவு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ‘ஆளுயர மாலை’ என்கிறோமே, அந்த வழிதான். வினைக்கு ‘ஆளளவு பார்த்தல்’. ‘வண்டிக்கு ஆளளவு பார்த்தாச்சா?’ என்று கடையில் கூச்சமில்லாமல் கேட்கலாம். கால் எட்டாத வயதில் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டியதற்குக் ‘குரங்குப் பெடல்’ என்று பெயர் வைத்தவர்கள் நாம். வாயில் நுழையாத சொல் தெருவில் நிற்காது.

> ‘ஆளளவு’ என்றால் தலைக்கணக்கு என்று நினைக்க மாட்டார்களா? ‘உடலளவு இசைவாக்கம்’ துல்லியமாக இருக்கிறதே.

தலைக்கணக்குக்கு ‘ஆள் எண்ணிக்கை’ இருக்கிறது, குழப்பம் வராது. ‘இசைவாக்கம்’ கட்டுரையில் இருக்கட்டும். ஓசூர் நண்பர்கள் ‘ஆளளவு’ என்று எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள். கிராங்க் அச்சிலிருந்து சட்டகத்தின் முன்கழுத்து உச்சி எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது ‘ரீச்’, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ‘ஸ்டாக்’ (stack). ‘ரீச்’சுக்கு ‘எட்டம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘ஸ்டாக்’குக்குச் சொல் இன்னும் பிடிபடவில்லை.